பழைய சுபாரு அவுட்பேக்: பார்ட் மாத்துறதுக்கு முன்னாடி பார்க்க வேண்டியவை

எம்.எஸ். படிக்க அமெரிக்கா போன நம்ம சீனியர்கள்ல வெர்மான்ட், கொலராடோ மாதிரி பனியும் மலையும் உள்ள மாநிலங்கள்ல இருக்கிறவங்ககிட்ட பேசிப் பாருங்க. பஸ் வசதி குறைவு, கார் இல்லாம மளிகைக் கடைக்குக்கூடப் போக முடியாதுன்னு சொல்வாங்க. கையில் இருக்கிற காசுக்குக் கிடைக்கிறது இருபது வருஷத்துக்கு மேல ஓடின வண்டி. அந்த ஊர்களில் அப்படி அதிகமா விற்பனைக்கு வருவது சுபாரு லெகசி, அதிலிருந்து பிறந்த அவுட்பேக். ரெண்டும் ஸ்டேஷன் வேகன் வடிவில் கிடைக்கும். செடான் காரின் கூரையை அப்படியே பின்பக்கம் வரைக்கும் நீட்டி, டிக்கியையும் உள்ளே சேர்த்துக்கொண்டால் கிடைக்கிற வடிவம் அது. நம்ம ஊர்ல டாடா எஸ்டேட் பார்த்தவங்களுக்குச் சட்டுன்னு புரியும்.

இந்தக் கட்டுரையில் பார்க்கப்போவது 1996 முதல் 2004 வரை வந்த, 2.5 லிட்டர் எஞ்சின் உள்ள வண்டிகளை. நல்ல வண்டிதான். ஆனா இதில் கோளாறு ஒரு இடத்தில் இருக்கும், அறிகுறி வேறொரு இடத்தில் தெரியும். அறிகுறி தெரிகிற இடத்தில் இருக்கிற பார்ட்டை மாத்திக்கிட்டே போனா, ஒரு செமஸ்டர் ஃபீஸ் காலியாகும், வண்டி அப்படியேதான் இருக்கும். அதனால ஒவ்வொரு கோளாறுக்கும் ரெண்டு கேள்வி கேட்போம். எப்போ வருது? எந்தச் சோதனை செய்தால் ரெண்டு சந்தேகங்களில் ஒன்று விழுந்துடும்?

முதல்ல வண்டியின் அமைப்பு. எஞ்சின் பாக்ஸர் வகை. நாலு சிலிண்டரும் நிமிர்ந்து நிற்காமல், பக்கத்துக்கு ரெண்டா படுத்திருக்கும். ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து பார்த்தால் 1, 3 வலது பக்கம். 2, 4 இடது பக்கம். கியர்பாக்ஸ் எஞ்சினுக்கு நேர் பின்னாடி. அதுக்குள்ளேயே முன் சக்கர டிஃபரன்ஷியல் இருக்கு. கியர்பாக்ஸின் பின் முனையில் சக்தியைப் பின் சக்கரங்களுக்குப் பிரித்து அனுப்பும் பகுதி. அங்கிருந்து புரொப்பெல்லர் ஷாஃப்ட் பின் ஆக்சிலுக்குப் போகும். நாலு சக்கரமும் எப்பவும் எஞ்சினோடு இணைந்தே இருக்கு. இதை மனசுல வச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

வண்டி சூடாகுது

இதுதான் இந்த எஞ்சினின் பேர் கெட்டுப்போன விஷயம். கதை பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். ஊருக்குள் ஓட்டினால் ஒன்றும் இல்லை. ஹைவேயில் அரை மணி நேரம், அதிலும் ஏற்றத்தில் போனால், டெம்பரேச்சர் முள் திடீர்னு ஏறும். வண்டியை ஓரங்கட்டினால் இறங்கிடும். மெக்கானிக் ஷெட்டில் ஒரு மணி நேரம் ஐடிலிங்கில் விட்டாலும் முள் அசையாது. உடனே தெர்மோஸ்டாட் மாத்துவாங்க. அடுத்த வாரம் மறுபடி சூடாகும். ரேடியேட்டர் மாத்துவாங்க. அப்புறம் வாட்டர் பம்ப். மூணு பில் கட்டின பிறகுதான் ஹெட் கேஸ்கெட் என்ற வார்த்தை வெளியே வரும்.

ஏன் ஐடிலிங்கில் வரலை? தெர்மோடைனமிக்ஸ் வகுப்பை நினைச்சுப் பாருங்க. ஐடிலிங்கில் உள்ளே போகும் காற்று குறைவு, எரியும்போது வரும் அழுத்தமும் குறைவு. ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது சிலிண்டர் அழுத்தம் பல மடங்கு உயரும். கேஸ்கெட் லேசா விட்டுக்கொடுத்திருந்தால், அந்த நேரத்தில் மட்டும் எரிந்த வாயு கூலண்ட் ஓடும் பாதைக்குள் புகும். ரேடியேட்டர் மூடி தாங்குவது சுமார் 1 பார் அழுத்தம்தான். உள்ளே புகுந்த வாயு, கூலண்டை மூடி வழியா ஓவர்ஃப்ளோ டேங்குக்குத் தள்ளும். எஞ்சினுக்குள் கூலண்ட் இருக்க வேண்டிய இடத்தில் வாயுக் குமிழி உட்கார்ந்துக்கும். வாட்டர் பம்புக்கு இழுக்கத் திரவம் போதாது. தெர்மோஸ்டாட்டைச் சுற்றிச் சூடான திரவம் இல்லாததால் அதுவும் சரியா திறக்காது. ஆக, தெர்மோஸ்டாட் கெட்டுப்போன மாதிரியே தெரியும். உண்மையில் அது பாவம், ஒரு தப்பும் பண்ணலை.

இதைப் பிரித்துப் பார்க்கக் காசு அதிகம் ஆகாத சோதனைகள் உண்டு. வண்டியை நல்லா மிதித்து ஒரு ஏற்றத்தில் ஓட்டிட்டு வாங்க. எஞ்சினை அணைக்காமல் பானெட்டைத் திறந்து ஓவர்ஃப்ளோ டேங்கைக் கவனிங்க. ரேடியேட்டர் மூடியைத் தொடவே தொடாதீங்க, கொதிக்கும் கூலண்ட் முகத்தில் அடிக்கும். டேங்கில் விடாமல் குமிழி வந்துக்கிட்டே இருந்தால் சந்தேகம் பலமாகுது. எஞ்சின் ஆறின பிறகு டேங்கின் உள்சுவரைப் பாருங்க. கறுப்பா மசி படிந்து, புகைநாற்றம் அடித்தால் சந்தேகம் இன்னும் ஏறும். உறுதி செய்ய பிளாக் டெஸ்டர் என்ற சின்னக் கருவி இருக்கு. அதில் ஒரு நீலத் திரவம். டேங்கின் வாயில் இருந்து வரும் காற்றை அதற்குள் இழுக்கணும். எரிந்த வாயுவில் இருக்கும் கார்பன் டை ஆக்சைடு பட்டால் நீலம் மஞ்சளாகும். நம்ம கெமிஸ்ட்ரி லேபில் பார்த்த புரோமோதைமால் புளூதான் அது. ஒரே நிபந்தனை, இந்தச் சோதனையை வண்டி ஓடி வந்த சூட்டோடு செய்யணும். காலையில் ஸ்டார்ட் பண்ணின உடனே செய்து "நெகட்டிவ்" என்று சொன்னால் அதுக்கு அர்த்தமே இல்லை. கசிவே நடக்காத நேரத்தில் கசிவைத் தேடின கணக்கு.

அப்போ சூடானாலே கேஸ்கெட்தானா? அப்படியும் இல்லை. ஹைவேயில் நல்லா இருந்து, டிராஃபிக்கில் நிற்கும்போது மட்டும் சூடானால், ரேடியேட்டர் ஃபேன் சுத்துதான்னு பாருங்க. ஓடும்போது எதிர்க்காற்று ஃபேன் வேலையைச் செய்துடும், நின்றால்தான் ஃபேன் தேவை. ரெண்டு நிலைமையும் நேர் எதிர், கவனிச்சீங்களா? முள் ஏறும்போது ஹீட்டரில் இருந்து குளிர்காற்று வந்தால் உள்ளே கூலண்ட் குறைந்திருக்கு, இல்லைன்னா காற்று அடைத்திருக்கு. சமீபத்தில் யாராவது கூலண்ட் மாத்தி, காற்றை முழுசா வெளியேற்றாமல் விட்டிருந்தாலும் இதே அறிகுறி வரும். கூலண்டை நிரப்பிக் காற்றை எடுத்த பிறகும் நாலு நாளில் திரும்ப வந்தால் மேலே சொன்ன சோதனைக்குப் போங்க.

இன்னொரு முக்கியமான வேறுபாடு. 1996 முதல் 1999 வரை வந்த எஞ்சினில், பக்கத்துக்கு ரெண்டு கேம்ஷாஃப்ட். அதில் கேஸ்கெட் போனால் பெரும்பாலும் இப்படி உள்ளுக்குள்ளேயே கசியும். 2000-க்குப் பிறகு வந்த ஒற்றை கேம்ஷாஃப்ட் எஞ்சினில் பெரும்பாலும் வெளிப்பக்கம் கசியும். எஞ்சின் படுத்திருப்பதால் எண்ணெயும் கூலண்டும் ஹெட்டின் கீழ் விளிம்பில் தேங்கி, அங்கிருந்து மெல்ல வியர்க்கும். இந்த ரெண்டாவது வகையைப் பார்த்துப் பயந்து, அன்றைக்கே எஞ்சினை இறக்கச் சொல்பவர்களை நான் ஒத்துக்க மாட்டேன். உள்கசிவு இருந்தால் வண்டியை ஓட்டவே கூடாது. ரெண்டு மூணு தடவை கொதிக்கவிட்டால் அலுமினிய ஹெட்டே வளைந்துடும். லேசான வெளிக்கசிவு அப்படி இல்லை. வாரம் ஒரு தடவை எண்ணெய், கூலண்ட் அளவைப் பார்த்து, குறையும் வேகத்தை எழுதி வச்சுக்கிட்டு மாதக்கணக்கில் ஓட்டலாம். இந்தக் கசிவுக்காக சுபாருவே கூலண்டில் கலக்க ஒரு கண்டிஷனர் பாட்டில் கொடுத்தது. முதல்ல அந்த இடத்தை நல்லாத் துடைச்சு, ரெண்டு நாள் ஓட்டிட்டுத் திரும்பப் பாருங்க. மேலே இருக்கிற வால்வு கவர் கேஸ்கெட்டில் இருந்து வழிந்த எண்ணெயும் அதே இடத்துக்குத்தான் வந்து சேரும். அதை மாத்தும் செலவு, ஹெட் கேஸ்கெட் செலவில் சின்னப் பங்கு.

திருப்பும்போது யாரோ பிடிச்சு இழுக்கிற மாதிரி

பார்க்கிங்கில் ஸ்டியரிங்கை முழுசா ஒடிச்சுத் திருப்பும்போது, ஹேண்ட் பிரேக் போட்டபடி ஓட்டுற மாதிரி வண்டி இழுக்கும். குதித்துக் குதித்துப் போகும். பிரேக் பிடிச்சுக்கிச்சுன்னு நினைத்து பிரேக் ஷூவைக் கழற்றிப் பார்ப்பாங்க. ஆக்சில் ஜாயின்ட் மாத்துவாங்க. அங்கே ஒன்றும் இருக்காது.

வளைவில் போகும்போது முன் சக்கரங்கள் வரையும் வட்டம் பெரிசு, பின் சக்கரங்கள் வரையும் வட்டம் சின்னது. அதனால முன் ஆக்சில் வேகமாவும் பின் ஆக்சில் மெதுவாவும் சுத்தணும். அந்த வித்தியாசத்தை விட்டுக்கொடுக்க வேண்டியது கியர்பாக்ஸின் பின் முனையில் இருக்கும் பகுதி. மேனுவல் கியர் வண்டியில் அது விஸ்கஸ் கப்ளிங் உள்ள சென்டர் டிஃபரன்ஷியல். ஆட்டோமேட்டிக்கில் எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் பல தட்டு கிளட்ச். அது விட்டுக்கொடுக்காமல் இறுகிப்போனால், டயர்தான் தரையில் தேய்ந்து அந்த வித்தியாசத்தைத் தீர்க்கணும். காய்ந்த தரையில் அது சுலபத்தில் நடக்காது. அதனாலதான் இழுப்பு. ஈரமான ரோட்டிலும் பனியிலும் டயர் வழுக்கிக்கொடுப்பதால் அறிகுறியே மறைந்துடும். "பனிக்காலத்துல நல்லா இருந்துச்சு, கோடையில வந்துச்சு" என்று யாராவது சொன்னால் ஆச்சரியப்படாதீங்க.

ஆனா கிளட்ச் ஏன் கெட்டது? பல நேரம் பதில் டயரில் இருக்கு. நாலு டயரின் சுற்றளவும் கால் அங்குலத்துக்குள், அதாவது சுமார் 6 மில்லிமீட்டருக்குள் ஒத்துப்போகணும் என்பது சுபாருவின் விதி. கேட்கும்போது அதிகப்படியா தோணும். கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

2000-க்குப் பிந்தைய அவுட்பேக்கின் டயர் அளவு 225/60 ஆர் 16. ரிம் 406 மி.மீ., மேலும் கீழும் டயர் சுவர் 135 மி.மீ. வீதம், மொத்த விட்டம் சுமார் 676 மி.மீ. சுற்றளவு சுமார் 2,125 மி.மீ. வண்டி எடையில் டயர் அமுங்குவதை இப்போதைக்கு விட்டுடுவோம். ஒரு கிலோமீட்டருக்கு இந்த டயர் சுமார் 471 சுற்று சுத்தும். இப்போ மூணு டயர் 3 மி.மீ. தேய்ந்திருக்கு, ஒன்று பஞ்சராகி அதை மட்டும் புதுசா மாத்தியாச்சுன்னு வச்சுக்கோங்க. தேய்ந்த டயரின் சுற்றளவு சுமார் 2,106 மி.மீ.; கிலோமீட்டருக்கு 475 சுற்று. வித்தியாசம் 4 சுற்று. ஆக்சில் டிஃபரன்ஷியல் இதைப் பாதியாக்கும், அதாவது முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் 2 சுற்று. புரொப்பெல்லர் ஷாஃப்ட் சக்கரத்தைவிட நாலு மடங்குக்கும் சற்று அதிகமா சுத்துவதால், அங்கே அது கிலோமீட்டருக்கு 8 சுற்றுக்கு மேல். நூறு கிலோமீட்டர் நேர் ரோட்டில் போனால், எண்ணூறுக்கும் மேற்பட்ட சுற்று அந்தக் கிளட்சோ கப்ளிங்கோ உரசித் தீர்த்தாகணும். வளைவே இல்லாத ரோட்டில், வண்டி நாள் முழுக்க வளைந்துக்கிட்டே இருக்கிற மாதிரி. 6 மி.மீ. சுற்றளவு என்பது ஆரத்தில் வெறும் 1 மி.மீ. என்பதையும் கவனிங்க. காற்று குறைந்த ஒரு டயரும் இதே வேலையைச் சின்ன அளவில் செய்யும்.

ஆகவே முதலில் எடுக்க வேண்டியது அளவு டேப். நாலு டயரையும் அளந்து, காற்றழுத்தத்தைச் சரிபண்ணுங்க. அதுக்கப்புறம் ஆட்டோமேட்டிக்கில் ஒரு அருமையான சோதனை இருக்கு. பானெட்டுக்கு அடியில் முன் சக்கர இயக்கத்துக்கு என்று எழுதின காலி ஃபியூஸ் இடம் ஒன்று இருக்கும். ஸ்டெப்னி போட்டு ஓட்டும்போது பின் சக்கர இயக்கத்தைத் துண்டிக்க வச்ச ஏற்பாடு அது. அதில் ஒரு ஃபியூஸைச் சொருகினால், கிளட்சின் அழுத்தத்தை விடுவிக்கும்படி சாலினாய்டுக்கு உத்தரவு போகும்; டாஷ்போர்டில் விளக்கும் எரியும். இப்போ அதே பார்க்கிங்கில் அதே மாதிரி ஒடிச்சு ஓட்டிப் பாருங்க. இழுப்பு போயிடுச்சுன்னா, சாலினாய்டும் கிளட்சும் சொன்ன பேச்சு கேட்குது. எண்ணெய், டயர், சென்சார் பக்கம் தேடணும். விளக்கு எரிந்தும் இழுப்பு போகலைன்னா, சாலினாய்டோ கிளட்ச் தட்டுகளோ மாட்டிக்கிச்சு. வண்டியை ஸ்டார்ட் பண்ணினதும் கியர் எண்ணெய்ச் சூட்டு விளக்கு 16 தடவை மினுக்கினால், கியர்பாக்ஸ் கம்ப்யூட்டர் ஏதோ மின்கோளாறைப் பதிவு பண்ணியிருக்குன்னு அர்த்தம். லேசான இழுப்புக்கு எண்ணெயை இறக்கிப் புதுசு ஊற்றினாலே சரியான வண்டிகள் உண்டு. அதைச் செய்து பார்க்காமல் கிளட்சைக் கழற்ற வேண்டாம். மேனுவல் வண்டியில் இந்த ஃபியூஸ் வசதி கிடையாது. நீண்ட தூரம் ஓட்டிச் சூடான பிறகு இழுப்பு அதிகமானால் விஸ்கஸ் கப்ளிங்கைத்தான் சந்தேகப்படணும்.

சத்தம், நாற்றம், விளக்கு

வேகத்தோடு சேர்ந்து ஏறும் "ம்ம்ம்" என்ற ஓசை வீல் பேரிங்கா, ஏற்றத்தாழ்வா தேய்ந்த டயரா? காலி ரோட்டில் மெதுவா இடதும் வலதுமா வளைச்சு ஓட்டுங்க. இடது பக்கம் வளைக்கும்போது எடை வலது சக்கரங்கள் மேல் சாயும். அப்போ ஓசை கூடினால் வலது பேரிங் சந்தேகம். எந்தப் பக்கம் வளைச்சாலும் மாறலைன்னா, முன் டயரைப் பின்னாடி மாத்திப் போட்டுப் பாருங்க. ஓசையும் கூடவே இடம் மாறினால் டயர்தான். ஜாக்கி போட்டு ஒரு சக்கரத்தைக் கையால் சுத்தி, இன்னொரு கையை ஸ்பிரிங் மேல் வச்சால் கெட்ட பேரிங்கின் கரகரப்பு விரலுக்குத் தெரியும். ஆனா ஒரு ஆக்சிலை மட்டும் தூக்கி வச்சு எஞ்சினை கியரில் ஓட்டாதீங்க. தரையில் இருக்கும் சக்கரங்களுக்கும் சக்தி போகும், வண்டி ஜாக்கியை விட்டுப் பாய்ந்துடும்.

சிக்னலில் நிற்கும்போது ஹீட்டர் வழியா கருகல் நாற்றம் வந்தால், எஞ்சின் எரியுதுன்னு பதற வேண்டாம். படுத்த எஞ்சினில் எக்ஸாஸ்ட் குழாய் வால்வு கவருக்குக் கீழே போகுது. அங்கே ஒரு சொட்டு எண்ணெய் விழுந்தாலும் கருகும். ஆக்சிலின் ரப்பர் பூட் கிழிந்து கிரீஸ் தெறித்தாலும் அதே நாற்றம்தான். அடியில் குனிந்து டார்ச் அடித்தால் எதுன்னு தெரிந்துடும். பெட்ரோல் நாற்றம், அதுவும் டேங்கை நிரப்பின அன்னைக்கு மட்டும் வந்தால், பின் வலது சக்கரத்துக்கு மேலே இருக்கும் பிளாஸ்டிக் மறைப்பைக் கழற்றிப் பாருங்க. பனிக்காலத்தில் ரோட்டில் தூவும் உப்பும் சேறும் அதுக்குள் தங்கி, பெட்ரோல் ஊற்றும் குழாயை அரித்திருக்கும்.

செக் எஞ்சின் விளக்கு எரிந்தால் கோடைப் படிச்சுட்டு உடனே அந்தப் பேருள்ள பார்ட்டை வாங்காதீங்க. மிஸ்ஃபயர் கோடுகள் நல்ல உதாரணம். இந்த எஞ்சினில் 1-ம் 2-ம் சிலிண்டருக்குப் பொதுவா ஒரு இக்னிஷன் காயில், 3-க்கும் 4-க்கும் இன்னொன்று. பி0301, பி0302 ரெண்டும் சேர்ந்து வந்தால் காயிலைப் பாருங்க. 1 மட்டும் வந்தால் அதன் ஒயரையும் பிளக்கையும் 3-க்கு மாத்திப் போடுங்க. கோடும் 3-க்குத் தாவினால் குற்றவாளி கையில். மழை நாளில் மட்டும் வந்தால், இருட்டில் ஒயர்கள் மேல் லேசா தண்ணீர் தெளிச்சால் பொறி தாவுவது கண்ணுக்கே தெரியும். பி0420 வந்தால் விலை உயர்ந்த கேட்டலிடிக் கன்வர்ட்டரை வாங்குவதற்கு முன், எக்ஸாஸ்ட் இணைப்பில் காற்றுக் கசிவு இருக்கான்னு பார்த்துடுங்க.

டைமிங் பெல்ட்டுக்கு மட்டும் சோதனை கிடையாது. 1,05,000 மைல், அதாவது சுமார் 1,69,000 கிலோமீட்டர், இல்லைன்னா 105 மாதம், எது முதலில் வருதோ அப்போ மாத்தணும். அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கும் எஞ்சின் இது. பழைய ஓனரிடம் பில் இல்லைன்னா, மாத்தலைன்னே வச்சுக்கோங்க. வாட்டர் பம்பையும் அதே பெல்ட்தான் சுத்துது. திறக்கிறப்பவே அதையும் டென்ஷனரையும் சேர்த்து மாத்திடுறது மலிவு.

கடைசியா, எண்ணெய் மாத்தும் இடத்தில் பக்கத்திலேயே நில்லுங்க. ஆட்டோமேட்டிக் வண்டியின் அடியில் எஞ்சின் எண்ணெய், கியர்பாக்ஸ் எண்ணெய், முன் டிஃபரன்ஷியல் எண்ணெய் என்று மூணு தனித்தனி டிரெய்ன் நட் இருக்கும். பழக்கமில்லாத ஆள் எஞ்சின் எண்ணெய்னு நினைத்து டிஃபரன்ஷியல் எண்ணெயை இறக்கிட்டு, எஞ்சினில் புது எண்ணெயை ஊற்றிடுவார். எஞ்சினில் ரெண்டு மடங்கு எண்ணெய், டிஃபரன்ஷியலில் ஒரு சொட்டுகூட இல்லை. வெளியே வந்ததும் மூணு டிப்ஸ்டிக்கையும் இழுத்துப் பாருங்க. டிஃபரன்ஷியலுக்கானது வலது பக்கம், கீழே ஒளிந்திருக்கும். ஒன்று காய்ந்திருந்தால் வண்டியை ஸ்டார்ட் பண்ணாதீங்க. இழுத்துட்டுப் போக வேண்டி வந்தால் நாலு சக்கரமும் மேலே ஏறும் ஃபிளாட்பெட் லாரியைக் கேளுங்க. ரெண்டு சக்கரம் தரையில் உருள இழுத்தால், சரியா இருந்த கிளட்சும் வழியிலேயே போயிடும்.